பின்னால தானா ஓட்டும்னு சொல்ற வண்டிக்கு இப்பவே 1,80,000 ரூவா கட்டலாமா?

கேள்வி:

தம்பி, நான் தக்கலை பக்கம், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், வயசு 63. எங்க வீட்டு டீச்சருக்கு மாசம் ரெண்டு தடவ திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகணும், திரும்பி வரும்போது எப்படியும் இருட்டிருது, இப்ப எனக்கு ராத்திரி எதிர்க்க வாற வண்டி வெளிச்சம் கண்ணக் கூசுது. பழைய வண்டிய குடுத்துட்டு ஒரு எலக்ட்ரிக் எஸ்யூவி எடுக்கலாம்னு ஷோரூம் போனேன். நடு மாடலுக்கும் டாப் மாடலுக்கும் 1,80,000 ரூவா வித்தியாசம். டாப்புல அடாஸ் இருக்கு, அதாவது கேமரா, ராடார் வச்சு டிரைவருக்கு ஒத்தாசை செய்ற வசதி. "இப்ப லெவல் 2 சார், பின்னால அப்டேட் வந்தா வண்டி தானா ஓட்டும், நீங்க சும்மா உக்காந்தா போதும், இப்ப விட்டா பிறகு விலை ஏறிரும்"னு அங்க உள்ள பையன் சொல்றான். மகன் அமெரிக்காவுல டெக்சாஸ்ல டெஸ்லா வச்சிருக்கான், அவனும் "எடுங்கப்பா, எனக்கு ஆபீசுக்கு அதுதான் ஓட்டிட்டுப் போகுது"ங்கான். கட்டலாமா?

பதில்:

சார், வணக்கம். உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். ரெண்டாவது தடவதான், களியக்காவிளையில இருந்து தக்கலை வரைக்கும் இருட்டுல டீச்சர பக்கத்துல வச்சுக்கிட்டு வாற அந்த ஒரு மணி நேரந்தான் உங்களுக்கு பயம்னு புரிஞ்சுது. பணத்துக்கு பதில மொதல்ல சொல்லிட்டு அதுக்கு வாறேன்.

"பின்னால தானா ஓட்டும்"ங்கிற பேச்சுக்கு ஒரு ரூவா கூட குடுக்காதீங்க. நீங்க சாவி வாங்குற அன்னைக்கு அந்த வண்டி என்ன செய்யுதோ அதுக்கு மட்டும் விலை போட்டுப் பாருங்க, அது 1,80,000 பெறுமான்னா உங்க ஓட்டத்துக்கு பெறாது, அதாக்கும் என் முடிவு. ஏன்னு சொல்லாம விட்டா நீங்க வாத்தியாரு, ஒத்துக்கிட மாட்டீங்க, அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

இந்த லெவல் கணக்கு அமெரிக்காவுல எஸ்ஏஇங்கிற எஞ்சினியர் சங்கம் போட்டது, 0-ல இருந்து 5 வரைக்கும். 2 வரைக்கும் டிரைவர் நீங்கதான், முன்னால போற வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விடுறது, கோட்டுக்குள்ள ஸ்டியரிங்க லேசா பிடிச்சுக்கிடுறது, முட்டப் போகுதுன்னா பிரேக் பிடிக்கிறதுன்னு வண்டி ஒத்தாசை மட்டும் செய்யும், கண்ண எடுத்தீங்கன்னா தப்பு உங்க மேல. 3-ல வந்தாத்தான், குறிச்ச ரோட்டுல குறிச்ச நெலமையில, ஓட்டுறது வண்டி. 2, 3ன்னு அடுத்தடுத்த நம்பரா இருக்கதால ஒரு படி ஏறினா போதும்னு தோணும், ஆனா அந்த ஒரு நம்பர்ல டிரைவர் யாருங்கிறதே மாறுது. ஜெர்மனியில மெர்சிடஸ்காரங்களுக்கு லெவல் 3-க்கு அனுமதி கெடச்சது 2021 டிசம்பர்ல, அதுவும் ஹைவேயில 60 கிலோமீட்டர் வேகத்துக்குள்ள, அதாவது டிராபிக்ல ஊர்ந்து போகும்போது மட்டும். அம்புட்டுக்கே அவங்க முன்னால லைடார், அதாவது லேசர் வெளிச்சம் அடிச்சு தூரம் அளக்குற சாமான் வச்சு, ரோடு நனைஞ்சிருக்கான்னு பாக்க வீலுக்கு மேல ஒரு சென்சார் வச்சு, ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் ஒண்ணு போனா இன்னொண்ணு பிடிக்கிற மாதிரி ரெண்டாவது ஏற்பாடும் வச்சாங்க. ஏன்னா நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கும்போது பிரேக் மோட்டார் ஒண்ணு நின்னு போச்சுன்னா, நீங்க நிமிந்து பாத்து ஸ்டியரிங்க பிடிக்கிற வரைக்கும் வண்டிதான் சமாளிக்கணும்.

உங்க ஷோரூம் வண்டியில என்ன இருக்குன்னு பாத்தா, இந்த மாதிரி லெவல் 2 வண்டிகள்ல எனக்கு தெரிஞ்ச வரைக்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால ஒரு கேமரா, முன் பம்பருக்குள்ள ஒரு ராடார், பின் பக்கம் மூலைக்கு ஒரு ராடார், அவ்வளவுதான். அதுல நாளைக்கு ஒரு அப்டேட் வந்து ஹாரன் சத்தம் மாறலாம், கோட்ட இன்னும் கொஞ்சம் நல்லா பிடிக்கலாம், ஸ்க்ரீன் மாறலாம். சாஃப்ட்வேரு வழியா லைடாரும் வராது, ரெண்டாவது பிரேக் ஏற்பாடும் வராது. அந்தப் பையன் உங்கள ஏமாத்தணும்னு சொல்லியிருக்க மாட்டான், அவனுக்கு டிரெயினிங்ல அப்படி சொல்லிக் குடுத்திருப்பாங்க, அவன்கிட்ட கோவப்படாதீங்க.

உங்க மகன் சொல்றதும் பொய் இல்ல சார். டெஸ்லாவோட எஃப்எஸ்டி, "ஃபுல் செல்ஃப் டிரைவிங்"னு பேரு வச்சு விக்கிற சாஃப்ட்வேரு, அங்கத்த ரோட்டுல நெறைய நேரம் நல்லாவே ஓட்டுது. ஆனா அந்தக் கதைய மொதல்ல இருந்து பாக்கணும், ஏன்னா உங்ககிட்ட இப்ப சொல்ற அதே வாக்க உலகத்துல பெருசா வித்தவங்க அவங்கதான். 2016 அக்டோபர்ல, இனிமே வாற எல்லா வண்டியிலயும் தானா ஓட்டுறதுக்கு வேண்டிய ஹார்டுவேர் இருக்கு, சாஃப்ட்வேர் பின்னால வரும்னு சொல்லி காசு வாங்கினாங்க. 2019 ஏப்ரல்ல டெஸ்லா தலைவரு எலான் மஸ்க், அடுத்த வருசம் பத்து லட்சம் ரோபோடாக்சி, அதாவது டிரைவர் இல்லாம ஓடுற டாக்சி, ரோட்டுல இருக்கும்னாரு. 2020 வந்துது, போச்சு. 2024-ல அந்தப் பேரு கூடவே "சூப்பர்வைஸ்டு"ன்னு ஒரு வார்த்தைய சேத்துட்டாங்க, டிரைவர் பாத்துக்கிட்டே இருக்கணும்னு அர்த்தம், உள்ள ஒரு கேமரா உங்க மகன் கண்ணு ரோட்டுல இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்கும், கேட்டுப் பாருங்க. 2025 ஜனவரியில மஸ்க்கே, 2019-ல இருந்து வண்டியில போட்ட கம்ப்யூட்டர் பத்தாது, எஃப்எஸ்டிக்கு காசு கட்டினவங்களுக்கு அத மாத்திக் குடுக்க வேண்டியிருக்கும்னு ஒத்துக்கிட்டாரு. ஹார்டுவேர் எல்லாம் இருக்கு, சாஃப்ட்வேர் மட்டுந்தான் பாக்கின்னு வித்த வண்டிக்கு இந்த கதி. 2025 ஜூன்ல, உங்க மகன் இருக்க அதே டெக்சாஸ்ல, ஆஸ்டின் ஊர்ல ரோபோடாக்சி விட்டப்ப கூட பக்கத்து சீட்டுல கம்பெனி ஆள ஒருத்தர உக்கார வச்சுத்தான் விட்டாங்க.

இப்ப விட்டா விலை ஏறிரும்னு சொன்னான் பாருங்க, அதையும் அங்க சொன்னாங்க. 2022 செப்டம்பர்ல 15,000 டாலர் வரைக்கும் ஏத்தினாங்க, 2024 ஏப்ரல்ல 8,000 டாலருக்கு இறக்கிட்டாங்க. பயந்து போய் 15,000 கட்டினவனுக்கு ரெண்டு வருசம் முழுசா ஆகுறதுக்குள்ள 7,000 டாலர் போச்சு. அதே ஏப்ரல்ல மாச சந்தாவையும் 99 டாலருக்கு இறக்கினாங்க, வேணும்னா ஒரு மாசம் போட்டுப் பாத்துட்டு நிறுத்திக்கிடலாம். மொத்தமா கட்டினது அந்த வண்டியோட ஒட்டிக்கிட்டே இருக்கும், வேற டெஸ்லா எடுத்தா கம்பெனி சலுகை போடுற சமயம் தவிர கூட வராது. இதுல நமக்கு உள்ள பாடம், உண்மையாவே தானா ஓட்டுற நாள் ஒண்ணு வந்துதுன்னா அன்னைக்கும் கடை தொறந்துதான் இருக்கும், அன்னைக்கு காசு குடுத்து வாங்கிக்கிடலாம்.

2025 ஜூலையில டெஸ்லா மும்பையில கடை தொறந்தப்ப மாடல் ஒய் 59,89,000 ரூவா, எஃப்எஸ்டிக்கு தனியா 6 லட்சம்னு போட்டிருந்தாங்க, கூடவே இது வண்டிய தானியங்கியா ஆக்காது, டிரைவர் கவனமா இருக்கணும்னும் எழுதியிருந்தாங்க. நம்ம நாட்டுச் சட்டத்துல ஸ்டியரிங் முன்னால உக்காந்திருக்கவருதான் டிரைவர், லைசென்ஸ் அவரு பேர்ல, கேசும் அவரு பேர்லதான். டிரைவர் இல்லாத வண்டிய இந்தியாவுல விடமாட்டேன், டிரைவர்மாருக்கு வேலை போயிரும்னு மத்திய மந்திரி நிதின் கட்கரி 2017-லயும் சொன்னாரு, 2023 டிசம்பர்லயும் சொன்னாரு. ஆக கம்பெனி சாஃப்ட்வேர் குடுத்தாலும் நீங்க சும்மா உக்காந்து போக சட்டம் வேணும், அந்தச் சட்டத்த ஷோரூம்காரன் தர முடியாது.

இனி நம்ம ரோட்டுக்கு வருவோம். போன ஆடி மாசம் ஒரு கஸ்டமரோட வண்டி, லெவல் 2 உள்ளது, என் ஒர்க்‌ஷாப்புக்கு வேற வேலைக்கு வந்துது, அவரு சம்மதத்தோட அழகியமண்டபத்துல இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் எல்லாத்தையும் ஆன் பண்ணி ஓட்டிப் பாத்தேன். சாயங்காலம் அஞ்சரை, சாரல். மீட்டர்ல ரெண்டு பச்சைக் கோடு வரும், அது வந்தா வண்டி ரோட்டுக் கோட்ட பாத்துடுச்சுன்னு அர்த்தம். அந்தப் பச்சை பதினோரு தடவ சாம்பலாப் போச்சு. கோடு அழிஞ்ச இடம், தண்ணி தேங்கி வெளிச்சம் அடிக்கிற இடம், ஓரத்துல லாரி நிக்கிற இடம், வளைவு, ஒவ்வொரு எடத்துலயும் சத்தம் போடாம விட்டுட்டுப் போயிரும், நாமதான் அத பாத்துக்கிட்டே இருக்கணும். சாமியார்மடத்துல முன்னால போன பஸ்சுக்கும் நமக்கும் அது ஒழுங்கா இடைவெளி விட்டுது, அந்த இடைவெளியில ஒரு பைக்கு உள்ள வந்தான், பிரேக் பிடிச்சுது, அவன் போனான், அடுத்து ஒரு ஆட்டோ, மறுபடியும் பிரேக், பின்னால வந்த டெம்போக்காரன் ஹாரன்ல இருந்து கைய எடுக்கல. நாலு தடவைக்கு அப்புறம் நானே ஆஃப் பண்ணிட்டேன், பின்னால இருந்து இடி வாங்கிருவோம்னு பயம் வந்துட்டுது. வண்டி மேல குத்தம் இல்ல சார், கோடு போட்ட ரோட்டுல வரிசையில போற ஊருக்கு செஞ்ச சாமான் அது.

அதே வண்டிய காவல்கிணறு தாண்டி திருநெல்வேலி, மதுரை போற நாலு வழிச்சாலையில விட்டா நல்லாருக்கும், கால் வலி இல்லாம போகலாம், அத நான் மறுக்கல. ஆரல்வாய்மொழி காத்துல மட்டும் ஸ்டியரிங்க கெட்டியா பிடிச்சுக்கிடணும். மாசம் நாலு தடவ மதுரை, சென்னைன்னு ஓடுற வியாபாரி கேட்டிருந்தா அடாஸ் உள்ளதயே எடுங்கன்னு சொல்லியிருப்பேன். உங்க ரோடு தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை. போதாததுக்கு நமக்கு ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசி கார்த்திகையிலயும் மழை.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். ராத்திரி உங்க கண்ணு கூசுற எடத்துல அந்தக் கேமராவும் தடுமாறும். எதிர்ல ஹைபீம் போட்டு வாறவன் வெளிச்சம், கண்ணாடியில மழைத் தண்ணி, கடல் பக்கம் போய்ட்டு வந்தா ஒட்டுற உப்பு மங்கல், இதெல்லாம் அதுக்கும் கேடுதான். வண்டியோட ஓனர் மேனுவல எடுத்துப் பாருங்க, எந்தெந்த நெலமையில வேலை செய்யாதுன்னு அவங்களே எழுதி வச்சிருப்பாங்க. எந்த எடத்துல நமக்கு கண்ணு தெரியலன்னு அத நம்புறோமோ அங்க அது கைவிடும், அதனாலதான் உங்க கேள்விய படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஒரு மாதிரியா இருக்கு.

செலவும் இருக்கு. முளகுமூடு பக்கத்துல ஒருத்தரு வண்டிய வீட்டு விளையில தென்னை மூட்டுல நிறுத்தியிருக்காரு, நெத்துத் தேங்கா ஒண்ணு நேரா முன்கண்ணாடியில விழுந்துது. வெளியில கண்ணாடி மாத்திட்டாரு, மறுநாளே லேன் அசிஸ்ட் தப்பா இழுக்குதுன்னு எங்கிட்ட வாறாரு. பாத்தா கேமரா உக்காருற பிராக்கெட்டு ஒரு நூல் சரிஞ்சிருக்கு. அந்தக் கேமராவ திரும்ப அளவு பாத்து வைக்கணும், சமதளமான தரையில வண்டிய நிறுத்தி, முன்னால கட்டம் போட்ட போர்டு வச்சு, தூரம் அளந்து, கம்பெனி மெஷினோட செய்ற வேலை, கேலிப்ரேஷன்னு சொல்லுவோம். என் ஒர்க்‌ஷாப்ல அந்த வசதி இல்ல, அனுப்பி விட்டேன். கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் வந்துது, கேலிப்ரேஷன் காசு அவரு கையில இருந்துதான் போச்சு. ராடார் உள்ள பம்பரும் இதே கதைதான், பழைய வண்டி மாதிரி பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சு விட முடியாது.

நானும் இதே மாதிரி ஒரு வாக்குக்கு காசு குடுத்தவன் சார். 2019-ல ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு ஸ்கேனர் வாங்கினேன், சாதா மாடலோட 40,000 ரூவா கூட, ஏன்னா எலக்ட்ரிக் வண்டியோட பேட்டரி வெவரம் எல்லாம் பின்னால அப்டேட்ல வரும்னாங்க. மெனுவுல "இவி பேட்டரி"ன்னு ஒரு கட்டம் இருக்கு, இன்னைக்கும் அத தொட்டா "கமிங் சூன்"னு காட்டுது. ரெண்டு வருசம் போன் பண்ணிப் பண்ணிப் பாத்தேன், பிறகு அந்த மாடலுக்கு அப்டேட்டே நிறுத்திட்டோம்னுட்டாங்க. பில்லுல அந்த வாக்கு எங்கயும் எழுதல, கேஸ் போடவும் வழி இல்ல. அந்த 40,000-க்கு அன்னைக்கு நல்ல ஒரு ஜாக்கும் டார்க் ரெஞ்சும் வாங்கியிருந்தா தினமும் கையில இருந்திருக்கும்.

அதனால அந்த ஷோரூம்ல போய் ஒரு காரியம் செய்ங்க. தானா ஓட்டுற அப்டேட் எது, எந்த தேதிக்குள்ள, வரலன்னா எவ்வளவு திரும்பக் குடுப்பாங்க, நான் வண்டிய வித்தா வாங்குறவருக்கு அது போகுமா, ஃப்ரீயா குடுக்குற இன்டர்நெட் சேவை எத்தன வருசம், அதுக்குப் பிறகு சந்தா எவ்வளவு, இத கம்பெனி லெட்டர்பேடுல சீல் வச்சுத் தாங்கன்னு கேளுங்க. வாட்சப்புல வாய்ஸ் மெசேஜ் அனுப்புறேன்னா ஒத்துக்கிடாதீங்க. தரமாட்டாங்க, அந்தப் பையனே மெதுவா நடு மாடலப் பத்தி பேச ஆரம்பிச்சிருவான். நடு மாடல்ல ஆறு ஏர்பேக், வண்டி வழுக்கினா பிடிக்கிற இஎஸ்சி, நல்ல எல்இடி ஹெட்லைட்டு, பின் கேமரா இருக்கான்னு பாத்துக்கிடுங்க. முட்டப் போகுதுன்னா தானா பிரேக் பிடிக்கிற அந்த ஒரு வசதி மட்டும் நடு மாடல்லயே ஐம்பது அறுபதாயிரத்துக்குள்ள கெடச்சா சந்தோசமா எடுங்க, அடாஸ்ல என் கண்ணுக்கு காசு பெறுற சாமான் அதுதான்.

இனி அந்த ராத்திரி. கண்ணு கூசுறத வண்டி மாத்தி சரி பண்ண முடியாது. எங்க அப்பா லாரி ஓட்டினவரு, எதிர் வெளிச்சம் பூ மாதிரி விரியுதுன்னு வீட்டுல சொல்லாம ஒரு வருசம் ராத்திரி லோடு ஓட்டியிருக்காரு, பிறகு பாத்தா ரெண்டு கண்ணுலயும் புரை. ஆப்பரேசன் முடிஞ்சு கட்டு அவுத்த அன்னைக்கு, "எனக்கு எதிர்ல வந்தவன் எல்லாம் தப்பிச்சது ஆண்டவன் புண்ணியம்"னு சொல்லி அழுதாரு. உங்களுக்கும் அதுதான்னு சொல்ல நான் டாக்டர் இல்ல, ஆனா புக்கிங் பண்றதுக்கு முன்னால கண் டாக்டர்கிட்ட காட்டுங்க, கண்ணாடி பவர் மாத்தினாலே கூட சரியாகலாம்.

அதுவரைக்கும் ஆஸ்பத்திரி போற நாள்ல ஒரு ஆக்டிங் டிரைவர போடுங்க. போய்ட்டு வர 1,500 ரூவான்னு வச்சுக்கிட்டாலும், மாசம் ரெண்டு, வருசம் 24 ஓட்டம், 36,000 ரூவா. அந்த 1,80,000 அஞ்சு வருசத்துக்கு வரும். நீங்க டீச்சர் கூட பின்சீட்டுல உக்காந்து வரலாம், டாக்டர் சொன்னத பேசிக்கிட்டு வரலாம், அவங்களுக்கு ஓக்காளம் வந்தா கையப் பிடிச்சுக்கிடலாம், ரோட்டப் பாக்கணும்னு இல்ல. தெரிஞ்ச பையனா, பைய ஓட்டுற பையனா ரெண்டு பேர நான் சொல்லி விடுறேன், தக்கலையிலயே இருக்காங்க. டீச்சருக்கு ஒத்துக்கிட்டா வெள்ளன இரணியல்ல ரயில் ஏறி போறதும் உண்டு, ஆனா உடம்பு முடியாத நாள்ல அது கஷ்டம்.

மகன்கிட்ட வருத்தப்பட வேண்டாம், அவன் அங்க இருந்துக்கிட்டு அப்பா ராத்திரி ஓட்டுறாரேன்னுதான் சொல்லியிருப்பான். இந்த பதில அப்படியே அவனுக்கு அனுப்பி வைங்க, அந்த ஆக்டிங் டிரைவர் காச நான் தாறேன்னு அவனே சொல்லுவான்னு நெனைக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் டாப் மாடல் மேல மனசு இருந்தா, டெஸ்ட் டிரைவ ஷோரூம் வாசல்ல வச்சு முடிக்க விடாதீங்க, சாயங்காலம் ஆறரைக்கு மார்த்தாண்டம் வரைக்கும் போகணும்னு கேளுங்க, ஸ்டியரிங்க அந்தப் பையனே பிடிக்கட்டும், நீங்க பக்கத்துல இருந்து அந்தப் பச்சைக் கோட்ட எண்ணுங்க. ஒரு நாள் முன்னால சொன்னா நானும் வாறேன் சார், அன்னைக்கு கடைய சீக்கிரம் சாத்திக்கிடுவேன்.